மனுவும் மேல்முறையீடும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறி வண்டன்மேட்டுக்கு வருவோரை முதலில் எதிர்கொள்வது ஏலக்காயின் மணமே. உலகெங்கும் செல்லும் அந்த மணத்துக்குப் பின்னே, மழையிலும் பனியிலும் குனிந்து காய் எடுத்த கைகள் எத்தனையோ உண்டு. அக்கைகளிற் பெரும்பாலானவை தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. சிலர் காலையில் ஜீப்பில் ஏறி வந்து மாலையில் ஊர் திரும்புகின்றனர். சிலர் இங்கேயே லயங்களிலும் சிறு வீடுகளிலும் தங்கி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, முதுமையும் எய்திவிட்டனர். உழைக்கும் வரையில் கூலி வந்தது. உழைக்க இயலாத காலத்தில் யார் கை கொடுப்பார்? அந்தக் கேள்வியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதியோருக்கும், கணவனை இழந்தோருக்கும், உடற்குறை உடையோருக்கும் அரசு மாதந்தோறும் அளிக்கும் உதவித் தொகையை நம் மக்கள் 'பென்சன்' என்றே சொல்வர். அதற்கு மனுச் செய்வது எப்படி, மனு தள்ளப்பட்டால் மேலே முறையிடுவது எப்படி என்னும் இரண்டையும் தெளிவாக அறிந்தவர் நம்மிற் சிலரே. மனுச் செய்து, 'இல்லை' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், விதியே என்று வீடு திரும்பியவர் பலர். 'இல்லை' என்பது முடிந்த முடிபன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றேன்.

முதியோர்க்கு அரசு பணம் தருவது பழங்காலத்து வழக்கமன்று. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. 1909 ஜனவரி முதல் நாளிலிருந்து, எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரையில் அஞ்சலகங்கள் வாயிலாகக் கொடுத்தனர். உள்ளூர்க் குழுக்கள் மனுக்களை ஆய்ந்து முடிவு செய்தன. அம்முடிவின் மேல் முறையிடவும் வழி வைத்திருந்தனர். அப்போது அயர்லாந்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அங்கே பிறப்புகளை முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் 1864-இல்தான் தொடங்கியிருந்தது. ஆகவே எழுபது வயதான குடியானவர் ஒருவரிடமும் அரசின் பிறப்புச் சான்று இல்லை. என் செய்வது? 1839 ஜனவரி 6-ஆம் நாள் இரவில் அந்நாட்டைச் சூறையாடிய பெரும் புயல் ஒன்று உண்டு. அந்த இரவு தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னவர் எழுபதைக் கடந்தவராகவே இருத்தல் வேண்டும் அல்லவா? அந்நினைவே பலருக்கு வயதுச் சான்றாயிற்று. பழைய மக்கட்கணக்கு ஏடுகளையும் புரட்டிப் பார்த்தனர். நூறாண்டுகளுக்கு முன்பு ஐரிஷ் குடியானவர் பட்ட பாட்டை, இன்று ஏலமலையில் வாழும் நம் பாட்டிமாரும் படுகின்றனர். ஏழைக்குப் பசியை மெய்ப்பிப்பது எளிது, வயதை மெய்ப்பிப்பதுதான் அரிது.

நம் நாட்டில், சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் முதல் நாளன்று மாதம் 20 ரூபாயுடன் முதியோர் உதவித் திட்டம் தொடங்கிற்று. கேரளத்தில் 1980-இல் விவசாயத் தொழிலாளர்க்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் வந்தது. மைய அரசு 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் முதியோர்க்கான வயது வரம்பு 2011-இல் 65-இலிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டது. மைய அரசின் பங்கு அறுபது வயதுக்கு மேற்பட்டோர்க்கு 200 ரூபாயும், எண்பதைக் கடந்தோர்க்கு 500 ரூபாயுமே ஆகும். எஞ்சியதை மாநிலங்கள் தத்தம் ஆற்றலுக்கேற்பச் சேர்த்துக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் அத்தொகை 2023 ஆகஸ்டில் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேரளத்தில் 2021-இல் 1600 ரூபாயாக இருந்தது 2025 நவம்பரில் 2000 ரூபாயாயிற்று.

இரு மாநிலத் தொகைகளுக்கும் உள்ள வேற்றுமை எல்லைப்புறத்தில் வாழும் நம்மவர்க்கு ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றது. 'ஊரில் ஒன்று, மலையில் ஒன்று என இரண்டையும் வாங்கலாமே' என்று கூறும் தரகர்களும் உளர். அவர் பேச்சை நம்பலாகாது. எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்கின்றோமோ அந்த மாநிலத்தில்தான் மனுச் செய்தல் வேண்டும். இரண்டிடத்தில் வாங்கியது வெளிப்பட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும், உண்மையாகவே உரிய தொகையும் நின்றுபோகும். நாள்தோறும் ஜீப்பில் வந்து போகும் உத்தமபாளையத்துத் தொழிலாளிக்கு உரிய இடம் அவருடைய தாலுகா அலுவலகமே. லயத்திலோ சொந்தக் குடிலிலோ வண்டன்மேட்டில் வாழ்பவர்க்கு உரிய இடம் இங்குள்ள கிராமப் பஞ்சாயத்து அலுவலகம்.

இனி மனுவின் நடையைப் பார்ப்போம். ஒரு மூதாட்டியை மனத்திற் கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரமே. ஆயினும் அவரைப் போன்றோரை இம்மலையின் எந்த வளைவிலும் காணலாம். போடிப் பக்கம் பிறந்தவர், மணமாகி வண்டன்மேட்டுக்கு வந்தவர், முப்பத்தைந்தாண்டுகள் தோட்டங்களில் காய் எடுத்தவர். கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் திருமணமாகிப் போடிக்கே திரும்பிவிட்டான். இவர் ஒற்றை அறை வீட்டில் தனியே வாழ்கின்றார்.

கேரளத்தில் இத்தகைய ஓய்வூதியங்களுக்கான படிவம் பஞ்சாயத்து அலுவலகத்திற் கிடைக்கும். நிரப்பிய மனுவைப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் அளிக்க வேண்டும். அளித்தவுடன் ரசீது பெற்றுக்கொள்ள மறத்தலாகாது. நாள் குறித்த அந்தத் துண்டுத் தாளே பின்னர் நமக்குச் சாட்சி. அதன்பின் அதிகாரி ஒருவர் நேரில் விசாரித்து அறிக்கை தருவார். பஞ்சாயத்துக் குழு அதனைப் பரிசீலித்து முடிவு செய்யும். ஏற்கப்பட்டால் விவரங்கள் அரசின் கணினிப் பதிவேட்டில் ஏறும். பணம் வங்கிக் கணக்கிலோ, கூட்டுறவு வங்கியின் ஆள் வாயிலாக வீட்டு வாசலிலோ வந்து சேரும்.

விசாரணையில் நான்கு செய்திகளை நோக்குவர்: வயது, வாசம், வருமானம், உடைமை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. இரண்டு ஏக்கருக்கு மேல் நிலம் இருத்தலாகாது. வேறு அரசு ஓய்வூதியம் பெறுதலாகாது. விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியத்துக்கு, கேரளத்தில் தொடர்ந்து பத்தாண்டுகள் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பெரிய எஸ்டேட்டுகளில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டவர்க்கு வேறொரு வாயிலும் உண்டு. பத்தாண்டுப் பணி முடித்து 58 வயது நிரம்பினால், 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி வைப்பு நிதி அலுவலகத்தில் தனியே மனுச் செய்யலாம். அது சம்பளத்தின் வழியே சேர்ந்த உரிமையாதலின் பஞ்சாயத்தோடு தொடர்புடையதன்று.

வயதை மெய்ப்பிக்கப் பள்ளிச் சான்றே தலையாயது. ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதி முற்ற முடிந்த சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கூறியுள்ளது. அவ்வழக்கில் பள்ளிச் சான்றையே ஏற்றுக்கொண்டது. பள்ளியை எட்டிப் பாராதவர் என் செய்வது? பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். மூத்த மகனுக்கு ஐம்பது வயதென்று அவனுடைய பள்ளிச் சான்று கூறுமாயின், தாய்க்கு ஐம்பத்திரண்டு என்று ஆதாரில் இருப்பது பிழையென்பது எவர்க்கும் விளங்குமன்றோ? பெயர் வேற்றுமையும் இத்தகையதே. முத்துலட்சுமி ஓரேட்டில் முத்துலெட்சுமியாகவும், மலையாள எழுத்தில் வேறாகவும் இருப்பார். ஓரிடத்தில் தந்தை பெயரும் மற்றோரிடத்தில் கணவர் பெயரும் ஒட்டியிருக்கும். இருவரும் ஒருவரே என்னும் சான்றை வில்லேஜ் ஆபீசில் மனுவுக்கு முன்னரே பெற்று வைத்தல் நலம்.

நம் மூதாட்டி இவற்றையெல்லாம் செய்தார் என்று கொள்வோம். சில மாதங்கள் கழித்து, 'நிலையான வாசம் இல்லை' என்ற காரணத்தால் மனு தள்ளப்பட்டது. காரணம் யாதெனில், மூத்த மகன் தன் தாயின் பெயரைப் போடியில் உள்ள தன் ரேஷன் கார்டில் சேர்த்து வைத்திருந்தான். மகன் செய்தது அன்பினால். அதுவே தாய்க்கு இடையூறாயிற்று.

இப்பொழுது அவர் செய்யத்தக்கது யாது? முதற்படி, தள்ளிய ஆணையை எழுத்தில் பெறுதல். வாய்ச்சொல்லின் மீது மேல்முறையீடு செய்ய இயலாது. என்ன காரணம், எந்த விதியின் கீழ், யார் முடிவு செய்தார், மேல்முறையீடு யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்னும் ஐந்து செய்திகளையும் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தில், விசாரணை அறிக்கையின் நகலையும் பஞ்சாயத்துக் குழுவின் தீர்மான நகலையும் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். வாராவிடில் மேலதிகாரிக்கு அடுத்த 30 நாட்களுக்குள்ளும், அதன் பின்னர் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாட்களுக்குள்ளும் முறையிடலாம். எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுதிக்கொள்ள உதவுவது அந்த அலுவலரின் கடமை என்று சட்டமே கூறுகின்றது.

இரண்டாம் படி, காரணத்தின் தன்மையை ஆய்தல். நிராகரிப்புகள் மூவகைப்படும். ஒன்று, தாள் குறைவால் நேர்வது. வருமானச் சான்று இல்லை, கையொப்பம் இல்லை என்பன இவ்வகை. இதற்கு மேல்முறையீடு வேண்டுவதில்லை. குறையை நிரப்பிப் புதிய மனு அளிப்பதே விரைவான வழி. இரண்டு, உண்மையைப் பிழையாக அறிந்ததால் நேர்வது. உள்ளவரை இல்லையென்றும், இல்லாத நிலத்தை உண்டென்றும் எழுதுவது இவ்வகை. மேல்முறையீட்டுக்கு உரியது இதுவே. மூன்று, விதியே தடுப்பது. வயது ஐம்பத்தெட்டு என்றால் எந்த அதிகாரியும் அறுபதாக்க முடியாது. இங்கே வழக்காடிக் காலத்தைப் போக்காமல், கணவனை இழந்தோர்க்கான திட்டம் போன்ற வேறு திட்டம் பொருந்துமா என்று பார்ப்பதே அறிவுடைமை. நம் மூதாட்டியின் மனு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மூன்றாம் படி, சான்று திரட்டுதல். முறையீட்டில் கண்ணீரினும் காகிதம் வலிது. இதே இடுக்கி மாவட்டத்து அடிமாலியில் 2023 நவம்பரில் நிகழ்ந்ததை இங்கே நினைவூட்டலாம். பல மாதங்களாக ஓய்வூதியம் வாராமையால் இரு மூதாட்டியர் சட்டி ஏந்திக் கடைத்தெருவில் பிச்சை எடுத்து நாட்டின் கவனத்தை ஈர்த்தனர். அவர்களுள் ஒருவருக்கு நிலமும் வீடும் உண்டென்று ஒரு செய்தி வெளியாயிற்று. அவர் வாதாடவில்லை. வில்லேஜ் ஆபீசுக்குச் சென்றார், தம் பெயரில் நிலம் இல்லை என்னும் சான்றைப் பெற்றார், அதனை உலகறியக் காட்டினார். செய்தியை வெளியிட்ட ஏடு வருத்தம் தெரிவித்தது. பின்னர் அவர் உயர் நீதிமன்றத்தையும் அணுகினார். ஒரு தாளின் வலிமை அத்தகையது.

நம் மூதாட்டியும் அவ்வாறே செய்தல் வேண்டும். போடி ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, நீக்கற் சான்று பெற வேண்டும். வண்டன்மேட்டு வாக்காளர் பட்டியல்கள், பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் படித்த சான்று, மின்கட்டண ரசீதுகள், மருத்துவமனைச் சீட்டுகள், தோட்டக் கூலிப் பதிவேட்டில் பெயருள்ள பக்கத்தின் நகல், வில்லேஜ் ஆபீசரின் வாசச் சான்று ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வோராண்டும் அவர் இம்மலையில்தான் இருந்தார் என்பது அவ்வரிசையைக் கண்டாலே புலப்படும்.

நான்காம் படி, முறையீட்டை எழுதுதல். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. மனு அளித்த நாள், ரசீது எண், தள்ளப்பட்ட நாள், கூறப்பட்ட காரணம், அக்காரணம் எவ்வாறு பிழை, அதற்குரிய சான்றுகள், வேண்டுவது இன்னதென்னும் முடிவு ஆகிய ஏழும் ஒரு தாளில் அடங்கும். யாரையும் இழித்துரைத்தல் வேண்டா. ஆணை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். கேரளத்தில் பைனாவிலுள்ள மாவட்ட ஆட்சியருக்கு முறையிடலாம். தமிழ்நாட்டில் தாசில்தார் முடிவின் மேல் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை பெறுக. தபாலில் என்றால் விரைவுத் தபாலில் அனுப்புக. பழைய பதிவுத் தபால் முறை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்குவோர் உண்டு. நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவை அவர்கள் அறிதல் வேண்டும். குறை தீர்க்க வேண்டி, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும், எந்த அதிகாரிக்கும் முறையீடு அளிக்க ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டென்று அது கூறுகின்றது. பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்க்கும் இது பொருந்தும். தமிழில் எழுதியதற்காக மட்டுமே ஒரு முறையீட்டைத் தள்ளுதல் முறையாகாது. ஆயினும் தாமதத்தைத் தவிர்க்க, கீழே மலையாளச் சுருக்கம் ஒன்றை இணைத்தல் நன்று. தகவல் உரிமை மனுவை மட்டும் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதுதல் வேண்டும்.

மாவட்ட அளவிலும் நீதி கிட்டாவிடில், பஞ்சாயத்துகளின் முறைகேடுகளை விசாரிக்கத் திருவனந்தபுரத்தில் ஆம்புட்ஸ்மான் என்னும் நடுவர் உளர். இறுதியில் உயர் நீதிமன்றம் இருக்கின்றது. வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கும், உடற்குறை உடையோர்க்கும் வருமானம் பாராது இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

ஓய்வூதியம் உரிமையா, உதவியா என்ற ஐயமும் எழக்கூடும். அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருளாற்றலுக்கு உட்பட்டு வகை செய்ய வேண்டும் என்கின்றது. ஆனால் அது நெறி காட்டும் கோட்பாடே, நீதிமன்றத்தால் நேரடியாக வலியுறுத்தத் தக்கதன்று. 2024-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, இத்தொகை உதவியே அன்றி உரிமையன்று என்று வாதிட்டது. அந்த வாதத்தை அப்படியே கொண்டாலும் ஒன்று எஞ்சி நிற்கும். எவ்வளவு தொகை என்பதை அரசு தீர்மானிக்கலாம். ஆனால் ஒரே நிலையில் உள்ள இருவருள் ஒருவர்க்குக் கொடுத்து மற்றவர்க்குக் காரணமின்றி மறுப்பதற்கு 14-ஆம் பிரிவு இடந்தராது. தகுதியற்றோர் பெறுவதைத் தடுக்க ஆய்வும் வேண்டியதே. 2024 நவம்பரில் 1458 அரசு ஊழியர்கள் இவ்வோய்வூதியத்தைப் பெற்று வந்தது கேரளத்தில் வெளிப்பட்டது. அத்தகைய களையெடுப்பில் பயிரும் சேர்ந்து பிடுங்கப்படாதவாறு காப்பதே மேல்முறையீட்டின் பயன்.

கிடைத்த பின்னரும் விழிப்பு வேண்டும். ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடுள்ளார் என்பதை உறுதி செய்ய, அக்ஷயா மையங்களில் கைரேகை பதியும் 'மஸ்டரிங்' நடைபெறுகின்றது. அறிவித்த காலத்துக்குள் பதியாதவர்க்குப் பணம் நிற்கும். ஆண்டுக்கணக்கில் காய் எடுத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமற் போவதும் உண்டு. அப்போது வெறுங்கையோடு திரும்பாமல், உயிருடன் உள்ளதற்கான சான்றைப் பஞ்சாயத்தில் அளிக்க வேண்டும். படுக்கையில் இருப்போர்க்கு மையத்தினர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வர். அதற்கு முன்னதாகவே பஞ்சாயத்து உறுப்பினரிடம் சொல்லி வைத்தல் வேண்டும். அறுபது வயதுக்குட்பட்ட கைம்பெண்கள் மறுமணம் செய்யவில்லை என்னும் சான்றையும் ஆண்டுதோறும் அளிக்க வேண்டும்.

நேயர்களே, ரேஷன் கார்டும், ரசீதும், ஆணையும் சிறு காகிதங்களே. கூரை ஒழுகும் வீட்டில் அவற்றை நனையாமற் காப்பது கடினந்தான். ஆயினும் ஒரு தகரப் பெட்டியிலாவது அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெளியூரில் வேலை செய்யும் மக்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பெற்றோரின் அந்தப் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள். பெயர் எந்தக் கார்டில் இருக்கின்றது, வயது எப்படி எழுதப்பட்டுள்ளது, சென்ற ஆண்டு ரேகை பதிந்தாரா என்று கேளுங்கள். தள்ளப்பட்ட மனு ஏதேனும் அதனடியிற் கிடக்கக் கூடும். அதை எடுத்துப் படியுங்கள். காரணம் பிழையாயின், அன்றே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். முப்பத்தைந்தாண்டு உழைத்தவர்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதினும் சிறிதாக இருக்க முடியாது.